கணினித் திரையில் ஓர் அறிவித்தல் புத்தகம்



அன்பின் பெற்றோரே, பழைய மாணவர்களே, ஊர் உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

பாடசாலையில் படித்த எல்லோருக்கும் அறிவித்தல் புத்தகம் ஞாபகம் இருக்கும். பாடம் சூடுபிடித்து நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பிள்ளை வந்து நிற்கும். கையில் மட்டை போட்ட தடித்த கொப்பி. "சேர், அதிபர் சேர் தந்தார்." நாங்கள் வெண்கட்டியை வைத்துவிட்டு, வாசித்து, ஒப்பம் போட்டு அனுப்புவோம். திரும்பிப் பார்த்தால் கரும்பலகையில் கணக்கு பாதியில் நிற்கும். பிள்ளைகளின் கவனம் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும்.

அந்தப் புத்தகத்தில் வருவதில் பாதி, இடைவேளை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடியது. ஆனால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், "மழை கூடுகிறது, பிள்ளைகளை 11 மணிக்கே அனுப்பிவிடுங்கள்" என்பதும் அதே புத்தகத்தில், அதே மையில், அதே கையெழுத்தில்தான் வரும். நாங்களும் பழக்கதோஷத்தில் அதையும் வாசிக்காமல் ஒப்பம் போட்டுவிடுவோமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

இன்று எழுதப்போவது எங்கள் கணினிக் கூடத்தில் அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்யும் ஒரு சின்ன புரோகிராமைப் பற்றி. அதன் பெயர் டன்ஸ்ட். ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆவி, மெல்லிய புகார் என்று பொருள். திரையின் ஓரத்தில் ஒரு துண்டு தோன்றும், சில விநாடி நிற்கும், தானாக மறைந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்விக்க எங்களுக்கு ஏறத்தாழ அரை வருடம் பிடித்தது. இடையில் இரண்டு பிள்ளைகளின் உழைப்பு வீணாகப் போனது. இரண்டிலும் பிழை எங்களுடையதே.

நாங்கள் என்றால், கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்று ஆசிரியர்கள்.

முதலில் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பவை 14 மடிக்கணினிகள். எல்லாம் பழைய மாணவர்களும் நலன்விரும்பிகளும் தங்கள் அலுவலகங்களில் கழித்துவிட்டதைச் சேர்த்துத் தந்தவை. பெரும்பாலானவற்றில் 2 ஜிபி நினைவகம்தான். விண்டோஸ் போட்டால் திறந்து முடிய ஒரு பாடவேளையில் கால்வாசி போய்விடும். அதனால் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியனை ஏற்றினோம். அதன் மேலே ஓப்பன்பொக்ஸ் என்ற மிக எளிமையான சாளர முகாமையாளர். கணினிகள் உயிர்பெற்றன. லிப்ரே ஒபிஸ் ஓடியது, பைதன் ஓடியது, பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் இலேசாக்குவது என்றால் எதையாவது கழற்றிப் போடுவதுதானே. நாங்கள் கழற்றிப் போட்டதில் ஒன்றை அப்போது கவனிக்கவில்லை. பெரிய டெஸ்க்டொப்களில் "பெட்டரி குறைகிறது", "சார்ஜர் கழன்றுவிட்டது" என்று மூலையில் ஓர் அறிவிப்பு வருமே, அது எங்கள் கணினிகளில் இல்லை. ஓப்பன்பொக்ஸ் சாளரங்களைத் திறக்கும், மூடும், நகர்த்தும். யாருக்கும் எதையும் அறிவிப்பது அதன் வேலையல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாணந்துறையில் குரங்கு பாய்ந்த கதை. சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் அதனால் நுரைச்சோலை இயந்திரங்கள் நின்று, திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு வந்தது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் எங்களிடம் மேலதிக வகுப்பு இருந்தது. கண்காட்சிக்காகப் பிள்ளைகள் தங்கள் ஆக்கங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். தரம் 10 மாணவி ஒருவர் ஊர்க் கைத்தறி நெசவைப் பற்றி எழுதினார். அவருடைய உம்மும்மா தறியில் இருந்தவர். பாவு, ஊடு, நாடா என்று உம்மும்மா வாயில் வரும் சொற்களையெல்லாம் கேட்டுக் கேட்டு, எது எதைக் குறிக்கும் என்று தமிழில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். தமிழ் விசைப்பலகை அவருக்குப் புதிது. ஒரு பக்கம் அடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல்.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. பிள்ளைகள் வழமைபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மடிக்கணினிதானே, திரை எரிந்துகொண்டுதானே இருக்கிறது. நாங்களும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "செய்யுங்க, செய்யுங்க" என்றோம்.

எட்டு, ஒன்பது நிமிடத்தில் முதலாவது திரை அணைந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது அந்த மாணவியுடையது. பழைய பெட்டரிகள். ஒரு எச்சரிக்கையும் இல்லை, பொட்டென்று இருட்டு.

"சேர், நான் இன்னும் சேவ் பண்ணல்ல" என்றார். அழவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடுதலாக வலித்தது.

லிப்ரே ஒபிஸ் தானாகச் சேமித்து வைத்திருக்குமே என்று கணினி தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அந்த வசதி இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஓடும்போது கணினி திக்கித் திணறுகிறது என்று நாங்களே அதை நிறுத்தி வைத்திருந்தோம். வேகத்துக்காகச் செய்தது. நாலு பக்கம் போனது. அந்தப் பிள்ளை இரண்டு கிழமை மேலதிக வகுப்புக்கு வரவில்லை. பிறகு நோன்பு விடுமுறை வந்துவிட்டது.

அந்த விடுமுறையில்தான் நாங்கள் இதற்கு வழி தேடத் தொடங்கினோம். தானாகச் சேமிக்கும் வசதியை முதல் வேலையாகத் திரும்பப் போட்டோம். கணினி திணறினால் திணறட்டும். ஆனால் பிள்ளைகள் பைதன் எழுதும் சாதாரண எடிட்டரில் அந்த வசதியே இல்லை. ஆகவே கரண்ட் போனால் பிள்ளைக்குத் தெரியவேண்டும். அதற்கு அறிவிப்புக் காட்டும் புரோகிராம் ஒன்று வேண்டும். அதுவும் 2 ஜிபி கணினிக்குப் பாரமில்லாமல் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டோம். "சேர், டன்ஸ்ட் போடுங்க. சி மொழியில எழுதினது, சின்னச் சாமான், இலவசம். டெபியன் களஞ்சியத்துலயே இரிக்கி" என்றார்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவித்தல் புத்தகத்தை வைத்தே சொல்லலாம். கணினிக்குள் ஏதாவது ஒரு புரோகிராமுக்கு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது நேரே உங்களிடம் வருவதில்லை. ஒரு துண்டை எழுதி டி-பஸ் என்ற உள் தபால் வழியில் போடுகிறது. அந்தத் தபாலை எடுத்துத் திரையில் காட்ட ஒருவர் இருக்க வேண்டும். பெரிய டெஸ்க்டொப்களில் அந்த ஆள் கூடவே வருவார். எங்கள் கணினிகளில் அந்தக் கதிரை காலியாகக் கிடந்தது. டன்ஸ்ட் அந்தக் கதிரையில் இருத்தப்படும் ஆள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். வேறு டெஸ்க்டொப் போட்டிருந்த ஒரு கணினியில் அதற்குரிய ஆள் ஏற்கனவே இருந்ததால் டன்ஸ்ட் ஓடவே மறுத்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போனது.

ஏற்றுவது சுலபம். டன்ஸ்ட் ஒன்று, துண்டு எழுதி அனுப்பும் நோட்டிஃபை-சென்ட் என்ற சின்னக் கருவி ஒன்று. இரண்டும் டெபியன் களஞ்சியத்தில் இருக்கின்றன. போன் டேட்டாவிலேயே இறக்கினோம். அதன் அமைப்புகள் எல்லாம் ஒரே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில். கோப்பின் பெயர் டன்ஸ்ட்ஆர்சி. மாதிரிக் கோப்பு கூடவே வருகிறது. அதைப் பயனரின் அமைப்புக் கோப்புறைக்குள் பிரதி எடுத்துத் திருத்தினால் போதும். பொத்தான்களும் பட்டியல்களும் இல்லை. ஒரு கணினியில் சரியாக்கிவிட்டு அந்தக் கோப்பை பென்டிரைவில் எடுத்துப் போய் மற்றப் 13இலும் ஒட்டிவிட்டோம்.

நாங்கள் தட்டுப்பட்ட இடங்களைச் சொல்கிறோம். போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உதவும்.

முதலாவது, தமிழ். அனுப்பிய முதல் துண்டில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றி, அமைப்புக் கோப்பில் அதன் பெயரையும் 14 என்ற அளவையும் எழுதினோம். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. தமிழில் அறிவிப்பு வந்ததைப் பார்த்து ஒரு பையன், "சேர், கம்பியூட்டர் நம்மட பாஷை பேசுது" என்றான். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த சம்பளம் அது.

இரண்டாவது, இடம். வழமையாகத் துண்டு திரையின் வலது மேல் மூலையில் வரும். அங்கேதான் சாளரத்தை மூடும் பெருக்கல் குறியும் இருக்கிறது. பிள்ளை துண்டை மூடுவதற்கு மவுஸைக் கொண்டுபோகும், அதற்குள் துண்டு தானாக மறைந்துவிடும், அழுத்தம் பெருக்கல் குறியில் விழும். ஆகவே வலது கீழ் மூலைக்கு மாற்றினோம். ஒரு வரி மாற்றம்தான்.

மூன்றாவது, பெட்டரியைக் கவனிக்கும் ஆள். டன்ஸ்ட் துண்டைக் காட்டுமே தவிர, எழுதாது. கணினி தன் பெட்டரியின் நிலையை, ஏறுகிறதா இறங்குகிறதா, எத்தனை வீதம் என்று, சின்னச் சின்னக் கோப்புகளில் எழுதி வைக்கும். அதை நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்துத் துண்டு அனுப்ப நாலைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். முதலில் அதைக் குரோன் என்ற நேர அட்டவணையில் போட்டோம். ஒன்றும் வரவில்லை. குரோன் திரைக்குப் பின்னால் ஓடுகிறது, யாருடைய தபால் வழியில் துண்டைப் போடுவது என்று அதற்குத் தெரியாது. முகவரியை எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் அதைவிட இலேசான வழியாக, கணினி திறந்தவுடன் ஓப்பன்பொக்ஸே அந்த ஸ்கிரிப்டைத் தொடக்கிவிடும்படி செய்தோம்.

இவ்வளவும் முடிந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் கை சும்மா இருக்குமா?

பெட்டரி வீதத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சேமியுங்கள்" என்றோம். பென்டிரைவ் செருகினால் ஒரு துண்டு, கழற்றினால் ஒரு துண்டு. பாடவேளை முடிய பத்து நிமிடம் என்று ஒன்று. அஸர் நேரம் என்று ஒன்று. காலையில் திறந்தால் சலாம் சொல்லி ஒன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. போதாக்குறைக்கு, குவிந்துவரும் துண்டுகளை ஒரே தட்டில் மூடிவிட ஒரு குறுக்கு விசையும் பொருத்திக் கொடுத்தோம்.

முதல் கிழமை பிள்ளைகள் ஒவ்வொன்றையும் வாசித்தார்கள். இரண்டாம் கிழமை சிரித்தார்கள். மூன்றாம் கிழமை அவர்களுடைய விரல் கண்ணுக்கு முன்னால் போய் அந்த விசையைத் தட்டப் பழகிவிட்டது.

மே மாதத்தில் ஒருநாள். கண்காட்சிக்கு வினாடி வினா விளையாட்டு ஒன்றைப் பைதனில் எழுதிக்கொண்டிருந்தான் ஒரு பையன். யாரோ ஒருவரின் கால் பட்டு, நீட்டு வயரிலிருந்து அவனுடைய சார்ஜர் கழன்றுவிட்டது. கூடத்தில் கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றியது, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் ஸ்கிரிப்ட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. துண்டு வந்தது. ஒன்றல்ல, ஆறேழு வந்திருக்கும். பிறகு திரை அணைந்தது. அன்றைய பின்னேரம் முழுக்க எழுதியது போனது.

"மகன், துண்டு வரல்லையா?" என்று கேட்டோம்.

"வந்திச்சி சேர். நான் வாசிக்கல்ல. எப்பவும் வர்றதுதானே எண்டு மூடிட்டன்."

அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு பிள்ளைக்கு நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லை, வேலை போனது. மே மாதத்தில் இன்னொரு பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொன்னோம், அப்போதும் போனது. பேசாமல் இருப்பதற்கும் ஓயாமல் பேசுவதற்கும் முடிவு ஒன்றுதான் என்று எங்களுக்கு அன்றைக்கு விளங்கியது.

அந்த நேரம் பக்கத்து மேசையில் இருந்தவர் நெசவு எழுதிய அதே மாணவி. நோன்பு முடிந்து திரும்பி வந்திருந்தார். எங்களைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "சேர், எல்லாம் ஒரே மாதிரி வந்தா எதப் பாக்கிற?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து, அனுப்பிக்கொண்டிருந்த அறிவிப்புகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். பதினொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இதை வாசித்த பிள்ளை உடனே செய்ய வேண்டியது என்ன?

பெட்டரி 71 வீதம். செய்ய ஒன்றுமில்லை. வெட்டினோம். பென்டிரைவ் செருகப்பட்டது. செருகியது அந்தப் பிள்ளையின் கைதானே. வெட்டினோம். அஸர் நேரம். பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில், பாங்கு காதில் விழுகிறது. காதுக்குச் சொல்லியதைக் கண்ணுக்கும் சொல்லத் தேவையில்லை. வெட்டினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கச் சொல்வது நல்ல எண்ணம்தான், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விடப் பிள்ளைகளை மரக்கச் செய்தது. அதையும் வெட்டினோம். மிஞ்சியது மூன்று.

டன்ஸ்டில் அவசரத்தின் படிகளும் மூன்றுதான்: குறைந்தது, சாதாரணம், மிக அவசரம். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி நேரம் கொடுக்கலாம். இது முதல் நாளிலிருந்தே அந்தக் கோப்பில் எங்கள் கண் முன்னால் இருந்தது. நாங்கள்தான் எல்லாவற்றையும் சாதாரணத்தில் போட்டிருந்தோம்.

இப்போது எங்கள் ஒழுங்கு இதுதான்.

குறைந்த அவசரம்: அச்சிடும் வேலை முடிந்தது. சாம்பல் நிறம், நாலு விநாடி. பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி.

சாதாரணம்: பாடவேளை முடிய பத்து நிமிடம். நீல நிறம், பத்து விநாடி.

மிக அவசரம்: சார்ஜர் கழன்றது அல்லது கரண்ட் போனது. சிவப்பு நிறம், வெள்ளை எழுத்து. நேரம் பூச்சியம். டன்ஸ்டில் பூச்சியம் என்றால் தானாக மறையாது, பிள்ளை கைவைத்து மூடும் வரைக்கும் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மூடும் விசையைக் கழற்றிவிட்டோம். சிவப்பை மூட மவுஸை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டு விநாடிக்குள் கண் வாசித்துவிடும்.

அந்தச் சிவப்புத் துண்டில் எழுதுவதையும் மாற்றினோம். முன்பு "பெட்டரி 35 வீதம்" என்று வந்தது. பழைய பெட்டரியின் வீதக் கணக்கை நம்ப முடியாது. 35 என்று சொல்லிக்கொண்டே அடுத்த நிமிடம் பூச்சியத்துக்கு விழும். அதனால் வீதத்தைக் கைவிட்டு, சார்ஜ் இறங்கத் தொடங்கிய உடனேயே சொல்ல வைத்தோம். இப்போது வருவது: "கரண்ட் இல்லை. கொன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். வயரைப் பாருங்கள்." நிலையைச் சொல்வதைவிடக் கை செய்ய வேண்டியதைச் சொல்வது பிள்ளைக்கு உதவுகிறது. கரண்ட் போய் வந்து போய் வந்து என்று ஆடும் நாளில் சிவப்பு குவியாமல் இருக்க, புதுத் துண்டு பழைய துண்டின் இடத்திலேயே வந்து உட்காரும்படியும் செய்தோம். டன்ஸ்டில் அதற்கும் வழி இருக்கிறது.

இன்னும் ஒன்று. பரீட்சை நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்தி வைக்க டன்ஸ்டில் ஒரு கட்டளை உண்டு. நிறுத்தியிருக்கும்போது வருபவை காத்திருந்து பிறகு ஒன்றாக வரும். எங்களிடம் இருப்பதில் அப்படி நிறுத்தினால் சிவப்பும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. ஆகவே பரீட்சைக்கு நாங்கள் அதைப் பாவிப்பதில்லை. தேவையில்லாததை முதலிலேயே வெட்டிவிட்டால், நிறுத்தி வைக்க வேண்டிய தேவையும் பெரிதாக வருவதில்லை.

ஜூன் மாதத்துக்குப் பிறகு கூடத்தில் கரண்ட் பல தடவை போயிருக்கிறது. போனவுடன் ஒரு சத்தம் கேட்கும். பழைய கூச்சல் இல்லை. 14 விசைப்பலகையிலும் ஒரே நேரத்தில் 'டக், டக்' என்ற சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் ஜன்னலைத் திறக்கப் போவோம்.

நெசவுச் சொற்கள் முழுசாக எழுதி முடிந்தன. முதலில் நாலு பக்கமாக இருந்தது, திரும்ப எழுதும்போது ஒன்பது பக்கமானது. கண்காட்சியன்று அந்த உம்மும்மாவும் வந்தார். வாசிக்கத் தெரியாது. பேத்தி ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்ட, இரண்டு இடத்தில் "அப்படியில்ல மகள்" என்று திருத்தினார்.

இதை ஏன் ஊருக்குச் சொல்கிறோம்?

எங்கள் எல்லோருடைய கையிலும் இப்போது ஓர் அறிவித்தல் புத்தகம் இருக்கிறது. அது ஓயாமல் அடிக்கிறது. வகுப்புப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். காலை வணக்கம், பூப்படம், எங்கிருந்தோ வந்த வீடியோ, அதற்குப் பத்துப் பேரின் கைகூப்பு. நடுவில் "நாளை தடுப்பூசி, அட்டையைக் கொடுத்து அனுப்பவும்" என்று ஆசிரியை போட்டது. அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் அட்டை இல்லாமல் வருவார்கள். வாப்பாவிடம் கேட்டால், "குறூப்ல நிறைய வருது சேர், பாக்கல்ல" என்பார். அவரும் மே மாதத்துப் பையனைப் போலத்தான். அவரிலும் குறை சொல்ல முடியாது.

எங்கள் மூன்று வகுப்புக் குழுக்களில் இப்போது அதே ஒழுங்கை வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள் மட்டும்தான் எழுதலாம். நாங்களும் எழுத முன்னர் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறோம்: இதை வாசித்த பெற்றார் இன்று செய்ய வேண்டியது என்ன? ஒன்றுமில்லை என்றால் அனுப்புவதில்லை. கிழமைக்கு இரண்டு, மூன்று செய்திதான் போகிறது. வாசிக்கிறார்கள்.

இனி வேண்டுகோள்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்துவந்த வழமையான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. புது விண்டோஸ் ஏறாது என்று பல அலுவலகங்களும் வீடுகளும் நல்ல மடிக்கணினிகளை ஓரமாக வைத்திருப்பதைப் பார்க்கிறோம். உங்கள் அலுமாரிக்கு மேலேயும் ஒன்று தூசு பிடித்துக் கிடக்கலாம். எங்களிடம் இருப்பதைவிட அது ஒரு தலைமுறை புதியதாகவே இருக்கும். அதைத் தாருங்கள். உங்கள் தனிப்பட்ட கோப்புகளை முதலில் எடுத்துக்கொண்டு தாருங்கள், மிச்சத்தை நாங்கள் உங்கள் முன்னாலேயே அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றுகிறோம். பெட்டரி பழுதாக இருந்தாலும் பரவாயில்லை. சார்ஜரை மட்டும் மறக்காமல் சேர்த்துத் தாருங்கள்.

வீட்டில் பழைய கணினியை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பாவிக்கக் கொடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை காலையில் கூடத்துக்கு எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். டெபியனும் டன்ஸ்டும் போட்டு, எங்கள் அமைப்புக் கோப்பையும் ஒட்டித் தருவோம். வேலையைச் செய்வது நாங்களல்ல, தரம் 11 பிள்ளைகள். அவர்களுக்கு அது பயிற்சி. செலவு ஒன்றுமில்லை, எல்லாம் இலவச மென்பொருள்.

ஒரே ஒரு நிபந்தனை. சிவப்புத் துண்டை வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது. பிறந்தநாள் வாழ்த்தைக் கூடச் சிவப்பில் அனுப்பக் கூடாது.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
கணினிக் கூடத்து ஆசிரியர்கள்